வலது பக்கக் கண்ணாடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹூஷங் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது ஹெஷ்மத்தின் கண் முதலில் போனது கண்ணாடிகள் மேல்தான். பழைய வட்டக் கண்ணாடிகள் இரண்டையும் காணோம். அந்த இடத்தில் இலை வடிவில் நீண்டு, வெள்ளிப் பூச்சு மினுங்க, இரண்டு புதுக் கண்ணாடிகள். முப்பது வருஷத்து யமஹா இரவல் கம்மல் போட்டுக்கொண்டது போல் கூச்சத்தோடு நின்றது.

"பாத்தியா சகலை?" என்றான் ஹூஷங். ஹெஷ்மத்தின் மனைவி தூபாவுடைய அக்காள் புருஷன். தெஹ்ரானில் கல்யாணத்துக்கு வேண்டிய நிலைக்கண்ணாடியும் மெழுகுவர்த்தித் தண்டும் விற்கிற கடை வைத்திருக்கிறான். "இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறது நம்ம வழக்கம் இல்ல. வண்டிக்கு மட்டும் வேற நியாயமா?"

அது என்னவோ உண்மைதான். அண்டை வீட்டில் இருந்து ஆஷ் கஞ்சி வந்த கிண்ணம்கூட நாலு பாதாம்பருப்பையாவது போட்டுக்கொண்டுதான் அந்தத் தெருவில் வீடு திரும்பும். ஆனால் கிண்ணத்தின் அடியை யாரும் பெயர்த்துவிட்டுப் புது அடி போட்டுத் தருவதில்லை.

"பழசு எங்கே?"

"உப்புக்காரன் வந்தான், தூக்கிப் போட்டுட்டேன். பழைய இரும்புக்கு அவன் குடுத்த உப்பு உங்க அக்கா ஊறுகாய்க்கு ஆச்சு. வலது பக்கத்தது மரையே போயிருந்தது தெரியுமா? இறுக்க இறுக்கக் கழண்டுதே தவிர இறுகல. எப்படித்தான் ஓட்டினியோ."

 உலகத்தில் எல்லாத் திருகும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இந்த வண்டியின் வலது கண்ணாடி மட்டும் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். எதிரில் வருவது எதுவாவது இடித்தால் முறியாமல் பின்பக்கம் சுழன்று கொடுக்கட்டும் என்று செய்தவர்களே யோசித்து வைத்த ஏற்பாடு அது. வேலை செய்யும் இடத்தில் வண்டிகளை நெருக்கி நிறுத்துவதற்காக ஆளுக்கு ஆள் இவன் கண்ணாடியை உள்பக்கம் மடக்குவார்கள். அதில் லேசாக ஆட்டம் கண்டிருந்தது. ஸ்பானரை எடுத்து இடப்பக்கம் ஒரு கால் சுற்றுச் சுற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஹெஷ்மத் போய்ப் புதுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். பால் பல் ஆடுவது போல் ஆடியது. சாதாரண மரை வைத்த தண்டை எதிர்மரை ஓட்டைக்குள் ஸ்பானர் போட்டு முறுக்கி ஏற்றியிருக்கிறான். பிரேக் பிடியைத் தாங்குகிற அலுமினியத் துண்டு உள்ளே சீவிப் போயிருந்தது. போதாததற்குச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பசை.

"கொஞ்சம் லூசா இருந்த மாதிரி தெரிஞ்சுது. பசை போட்டுட்டேன்" என்றான் ஹூஷங் பெருமையாக. "கண்ணாடி நம்ம தொழிலாச்சே."

வழக்கப்படி சொல்ல வேண்டிய நன்றி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னான்.

"உங்க கை வலிக்காம இருக்கணும், ஹூஷங் கான். எதுக்கு இவ்வளவு சிரமம்."

"உனக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு பொருளா" என்று ஹூஷங் மார்பில் கைவைத்துத் தலை குனிந்தான். தேநீர் குடித்தான். போய்விட்டான்.

கதவைச் சாத்திவிட்டுத் தூபா திரும்பினாள். "வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு?"

"மரை வேறன்னு."

"சொன்னா, ஒரு கண்ணாடிக்காகவா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கேன்னு கேப்பார். அப்புறம் காதைச் சொல்லணும்."

தூபா தேநீர்க் குவளைகளை எடுத்து அடுக்கினாள். காது என்ற சொல் அந்த வீட்டில் அடிக்கடி வருவதில்லை.

ஹெஷ்மத்தின் வலது காது, போர்க்காலத்தில் டெஸ்ஃபூல் ஊரில் அவர்கள் தெருவில் ஏவுகணை விழுந்த வருஷத்தோடு போய்விட்டது. அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பெண் கேட்கப் போன நாளில் தூபாவின் அப்பா, பையனுக்கு உடம்பில் ஏதாவது குறை உண்டா என்று நேராகவே கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய பெரியப்பா, பொற்காசு மாதிரி, ஒரு கீறல் கிடையாது என்று சொல்லிவிட்டார். கல்யாணமான முதல் வாரத்திலேயே தூபா கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததைத் தன் அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக மாமனார் வீட்டு விருந்துகளில் ஹெஷ்மத் விரிப்பின் வலக்கோடியில், சுவரோரமாகப் போய் உட்காருகிறான். எல்லோரும் தன் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக. அங்கே அதற்குத் தலைக்கனம் என்று பெயர்.

கடிதமும் சிறு பொதியும் கொண்டுபோய்க் கொடுக்கிற நிறுவனத்தில் அவனுக்கு வேலை. மற்றவர்கள் நெரிசலில் நுழைந்து போக வசதியாகக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். இவன் மட்டும் இரண்டோடும் போவான். "கண்ணாடி இருக்கு, மெழுகுவர்த்தித் தண்டு எங்கே மாப்பிள்ளை?" என்று தினம் ஒருத்தனாவது கேட்பான். சிரித்துவிட்டுப் போவான். அந்த வலது கண்ணாடிதான் அவனுக்கு வலது காது என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே வண்டியை விட்டு இறக்கிவிடுவார். வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பசை காய்ந்திருந்தது. ஆட்டம் நின்றது போல் இருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினான்.

பத்து மணிவரை தாங்கியது. மவ்லவித் தெருவில், இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது வலது கண்ணாடி சாவகாசமாகத் தலையைக் கவிழ்த்தது. அதில் அவனுடைய சொந்த முழங்கால் தெரிந்தது. அவன் கையை நீட்டி அதை நிமிர்த்தினான். நிமிர்த்தும்போது வண்டி ஒரு சாண் வலப்பக்கம் போனது.

ஒரு சாண்தான். சின்ன பஸ் ஒன்று அவன் முழங்கையை உரசி நின்றது. ஹெஷ்மத் வண்டியோடு சாய்ந்து, பக்கத்துக் காரின் கதவில் கையூன்றித் தப்பினான். கண்ணாடி கழன்று அவன் மடியில் விழுந்திருந்தது.

அவன் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சுற்றியிருந்தவர்களின் முகம் ஒரு மாதிரியாக ஆவதைக் கவனித்தான். திரும்பிப் பார்த்தான். பஸ் டிரைவர் இறங்கி வந்து அவன் வலப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"நான் கத்துறேன், துரை தலையத் திருப்ப மாட்டாரு" என்றார் டிரைவர் கூட்டத்தைப் பார்த்து. "கல்லுகூடத் திரும்பிப் பாக்கும்யா. ஹாரன் அடிச்சேன், நாலு தடவை அடிச்சேன். உங்கப்பன் வீட்டு ரோடா இது?"

"மன்னிச்சுக்குங்க."

"இப்பச் சொல்றாரு. இவ்வளவு நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தாரு போல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹெஷ்மத் கண்ணாடியை மேல்சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.  பயம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த கோபம் போகவில்லை. பொதியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு வண்டி பழுது என்று போன் செய்துவிட்டு, சாலையின் வலப்பக்க ஓரமாகவே ஊர்ந்து ஹூஷங்கின் கடைக்குப் போனான். வழி முழுவதும் வாயில் ஒரே வாக்கியம் ஓடியது: மரை போனது வண்டிக்கு இல்ல, உனக்கு.

கடைக்குள் நுழைந்ததும் முப்பது கண்ணாடிகளில் முப்பது ஹெஷ்மத்துகள் நுழைந்தார்கள். எல்லோருக்கும் முழங்கையில் ரத்தம். ஒரு தாயும் கல்யாணப் பெண்ணும் பெரிய கண்ணாடி ஒன்றின் முன்னால் நின்று சட்டத்தின் பூ வேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடே, சகலை" என்றான் ஹூஷங். "வா வா. காலெடுத்து வச்சதே கண்ணு மேல வச்ச மாதிரி. அம்மா, இவர் எனக்குச் சகோதரன் மாதிரி."

ஹெஷ்மத் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்த சத்தத்தில் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"விழுந்துருச்சா?" ஹூஷங்கின் சிரிப்பு போகவில்லை. "ஒண்ணும் பிரச்சினை இல்ல. இன்னும் கொஞ்சம் பசை—"

"பசையக் கொண்டுபோய் உன் வாயில பூசிக்க."

பதினான்கு வருஷத்தில் அவன் ஹூஷங்கை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.  முப்பது ஹூஷங்குகளும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"வாடிக்கையாளர் இருக்காங்க, சகலை."

"இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். நான் உன்கிட்ட கண்ணாடி கேட்டனா? வண்டி கேட்ட, குடுத்தேன். வண்டியா திருப்பிக் குடுக்க வேண்டியதுதான. நல்லா இருந்த கண்ணாடியைக் கழட்டி உப்புக்காரன்கிட்ட போட்டுட்டு, எதிர்மரையில நேர்மரையை ஏத்தி, ஓட்டையைச் சீவி, என்னை பஸ்சுக்கு அடியில தள்ளப் பாத்துட்டு, பசையாம் பசை."

"எதிர்மரையா?" ஹூஷங்குக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "சரிப்பா, தெரியல. நல்லதுதான் நெனச்சேன். ஊர்ல பாதிப்பேர் கண்ணாடியே இல்லாம ஓட்டுறான். ஒரு கண்ணாடிக்காகவா என் கடையில வந்து—"

"எனக்கு வலது காது கேக்காது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது ஹெஷ்மத்துக்குத் தெரிந்தது. திரும்ப எடுக்க முடியாது. அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னான்.

"செவிடு. வலப்பக்கம் பீரங்கி வச்சாலும் கேக்காது. பன்னெண்டு வயசுலேர்ந்து. உங்க வீட்டுல மறைச்சுட்டோம். அந்தக் கண்ணாடிதான் எனக்குக் காது. அதைத்தான் நீ உப்புக்கு வித்துட்ட."

கல்யாணப் பெண்ணின் தாய் உச்சுக்கொட்டினாள். "எங்க மச்சினருக்கும் இப்படித்தான் தம்பி. அவர் சொல்லிட்டார். சொல்லிட்டா ஒண்ணும் இல்ல. மத்தவங்க அந்தப் பக்கம் மாறி உக்காந்துக்குவாங்க." பிறகு மகளிடம், "நாம அப்புறம் வரலாம்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

ஹூஷங் சண்டைக்கு வருவான் என்று ஹெஷ்மத் காத்திருந்தான். வரவில்லை. அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

"வலதா?" என்றான்.

"வலது."

"எப்பவுமே வலதுதானா?"

"காது என்ன, வாரத்துக்கு ஒரு பக்கம் மாறுமா?"

"நம்ம மாமனார் ஆகா ஜானை அடக்கம் பண்ணின அன்னிக்கு," என்றான் ஹூஷங், "குழிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தோமே, நான் உனக்கு எந்தப் பக்கம் இருந்தேன்?"

"எனக்கென்ன ஞாபகம். எதுக்குக் கேக்குற?"

ஹூஷங் மேசைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தான். கடைச் சாவியை எடுத்தான். "வா. கொம்ரொக் சதுக்கத்துக்குப் போவோம். பழைய வண்டிச் சாமான் எல்லாம் அங்கதான் கிடைக்கும். நான் பண்ணினதை நானே சரி பண்ணித் தர்றேன்."

கண்ணாடி இல்லாமல் கொம்ரொக் போவது எப்படி என்று ஹெஷ்மத் கேட்டான்.  பிறகு கோபம் குறையாத குரலில் ஹெஷ்மத்தே வழி சொன்னான். "பின்னாடி உக்காரு. வலப்பக்கம் மோட்டார் சைக்கிள் வந்தா தோள்ல ஒரு தட்டு. காருக்கு ரெண்டு. பஸ்சுக்கு மூணு. வலப்பக்கமாப் பேசாத, எனக்கு ஒண்ணும் கேக்காது."

ஹூஷங் கனத்த உடம்புக்காரன். அந்தப் பாதி இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து ஊர் முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தான். முதல் சந்திப்பைத் தாண்டுவதற்குள் ஹெஷ்மத்தின் தோள் மரத்துப்போனது.

"இப்ப என்ன வந்துச்சு?"

"தள்ளுவண்டி. அதுக்கு நீ கணக்கு சொல்லலயே."

"நிக்கிற தள்ளுவண்டியா, ஓடுறதா?"

"நிக்குது."

"நிக்கிறதுக்கெல்லாம் தட்டினா நான் வீட்டுச் சுவருக்கும் பிரேக் போடணும்."

பஸ் ஒன்று கடந்தபோது ஹூஷங் மூன்று தடவை தட்டாமல் அவன் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. அதற்கு அர்த்தம் ஹெஷ்மத்துக்குச் சொல்லாமலே புரிந்தது.

கொம்ரொக்கில் ஊஸ்தா காஸெம் என்ற மெக்கானிக் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் திருப்பணி யாரோடது?" என்றார்.

"என்னோடது" என்றான் ஹூஷங்.

"என்ன தொழில் ஐயாவுக்கு?"

"கண்ணாடி வியாபாரம்."

ஊஸ்தா காஸெம் ஹூஷங்கை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். பழைய யமஹா ஒன்றிலிருந்து கழற்றிய பிரேக் பிடித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். உள்மரை எதிர்ச்சுற்றில் முழுசாக இருந்தது. கூடவே நிறம் மங்கிய வட்டக் கண்ணாடி ஒன்று, எதிர்மரைத் தண்டோடு. கேபிளைக் கழற்றி, பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட அவருக்கு இருபது நிமிஷம் ஆனது.

அந்த இருபது நிமிஷமும் ஹூஷங் ஹெஷ்மத்தின் இடப்பக்கம் வந்து நின்றான். தெரிந்தே நின்றான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஆகா ஜான் படுக்கையில இருந்தப்போ கடைசி வாரம் உன்னைப் பாக்கணும்னு சொன்னார். என்னைத்தான் அனுப்பினார். உன்னைக் கடைத்தெருவுல பாத்தேன், வண்டியில போய்க்கிட்டிருந்த. பக்கத்துலயே நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூணு தடவை. நீ திரும்பிக்கூடப் பாக்கல, போயிட்ட. எனக்கு ஆத்திரம். நேரா போய் அவர்கிட்ட, கூப்பிட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டேன்.  சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்புறம் உன் பேரை எடுக்கவே இல்ல. மூணாம் நாள் போயிட்டார்."

ஹெஷ்மத் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"குழிக்குப் பக்கத்துல உன்கிட்ட அதைச் சொன்னேன்" என்றான் ஹூஷங். "எல்லாத்தையும் சொல்லி, மனசார மன்னிச்சுடுன்னு கேட்டேன். நீ தலையாட்டின. 'சரி, சரி'ன்ன. ஆறு வருஷமா அந்தத் தலையாட்டலை நம்பித்தான் தூங்கிட்டிருக்கேன்."

காதில் விழாதபோது ஹெஷ்மத் தலையாட்டுவான். சரி, சரி என்பான். அதுதான் அவனுடைய பழக்கம். கடைகளில், விருந்துகளில், துக்க வீடுகளில் அவன் எதற்கெல்லாம் தலையாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. எதை எதையெல்லாம் ஒப்புக்கொண்டானோ, யாரை யாரையெல்லாம் மன்னித்தானோ.

"வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட உனக்குக் கால் இல்லையா?" என்றான்.  "அவர் சாகக் கிடந்தார். தூபா அந்த ரெண்டு நாளும் அங்கதான இருந்தா. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

"ஆத்திரத்துல இருந்தேன்."

"நீ மட்டும்தான் ஆத்திரப்படத் தெரிஞ்சவனா?"

"நீ காதைச் சொல்லியிருந்தா—"

"ஆமா. சொல்லல. அதுக்கு அவர் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டுப் போகணுமா?"

ஊஸ்தா காஸெம் எழுந்து ஸ்பானரை நீட்டினார். "கண்ணாடிய நீங்களே இறுக்கிக்கறீங்களா?" அவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவருக்கு இரண்டு காதும் நல்ல காது.

ஹெஷ்மத் தண்டை ஓட்டையில் வைத்து விரலால் இடப்பக்கம் சுழற்றினான். தடங்கல் இல்லாமல் இறங்கியது. வண்டிமேல் உட்கார்ந்து, பின்னால் தெரு முழுவதும் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, பூட்டு நட்டை ஸ்பானரால் இடப்பக்கம் இறுக்கினான். இன்னும் ஒரு தடவை இறுக்கினான். கையால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. இறுக்க வேண்டியதற்கு மேலேயே இறுக்கினான்.

"போதும்யா, முறிஞ்சிரும்" என்றார் ஊஸ்தா.

ஹூஷங் வேலைக்கான கூலியைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் இடப்பக்கம் நின்றான். "சகலை. இப்பக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"அப்ப, மன்னிச்சதா வச்சுக்கலாமா?"

ஹெஷ்மத் அவன் முகத்தைப் பார்த்தான். கழுத்து தன் பழக்கப்படி ஆடப் போனது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"அன்னிக்கு ஆட்டினது செல்லாது" என்றான். "இன்னிக்கு ஆட்ட மாட்டேன். எப்ப ஆட்டுவேன்னு எனக்கே தெரியாது. வந்து கேட்டுக்கிட்டே இரு."

"எத்தனை நாளைக்கு?"

"நீ ஆறு வருஷம் நிம்மதியாத் தூங்கினல்ல."

வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஹூஷங் பின் இருக்கையைப் பார்த்தான். "நான் எப்படிப் போறது?"

"பஸ் வரும். மூணு தட்டு."

நெரிசல் அப்படியேதான் இருந்தது. வலது கண்ணாடியில் ஒவ்வொன்றாக வந்தன: ரொட்டி அடுக்கிய சைக்கிள், இரண்டு பேர் போகிற ஹோண்டா, பச்சை டாக்ஸி. எதுவும் அவனைத் தொடவில்லை. அவன் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே போனது. ஹூஷங்கைத் திட்டினான். பொற்காசு என்று சொன்ன பெரியப்பாவைத் திட்டினான். கேட்காததற்கெல்லாம் ஆடிய தன் கழுத்தைத் திட்டினான். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த மாமனாரைத் திட்டினான்.

சிவப்பு விளக்கில் நின்றபோது இடப்பக்கத்து டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "யாரோட, தம்பி, இவ்வளவு சண்டை?"

"மாமனாரோட."

"அட, பெரியவங்க. போய்க் காலைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசிட்டு வா. சரியாயிரும்."

ஹெஷ்மத் அதற்குத் தலையாட்டவில்லை. விளக்கு பச்சையானது.